அசையாத முள்

லாட்ஜுக்குப் போகவேண்டிய நாற்பது படுக்கை விரிப்புகளோடு, நட்டநடு ரோட்டில் இருமி நின்றது அந்தப் பழைய பிக்கப் வண்டி.

டீசல் தீர்ந்துவிட்டது. அளவு காட்டும் முள் வழக்கம்போலக் கீழே படுத்துக் கிடந்தது. டேங்க் நிரம்பியிருந்தாலும் அது அப்படித்தான்.

சலவைக்கடைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் அப்பா மேல்.

பெரிய மெக்கானிக்! மூன்று மாதத்துக்கு முன் ஊரிலிருந்து வந்தவர், "சும்மாதானே இருக்கேன்" என்று வண்டிக்கு அடியில் புகுந்து நோண்டினார். அன்றைக்குப் படுத்த முள்.

"பழைய வண்டிம்மா, பார்ட்ஸ் கிடைக்காது. தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு சாயங்காலம் போன்ல சொல்லு. எப்போ டீசல் போடணும்னு நான் சொல்றேன்" என்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

கணக்கு ஒரு நிமிஷம்தான். அப்புறம் கால் மணி நேரம் கதை. பேத்திக்கு ஜுரம் விட்டுதா, புது மெஷின் எப்படி ஓடுது, அங்கே மழையா...

நேற்று வேலை நெருக்கடியில் போன் செய்ய மறந்தாள். இன்றைக்கு நடுரோடு.

கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு நடந்தபடியே அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஒரு முள்ளை நிமிர்த்தத் துப்பில்ல. உங்களை எந்தப் புண்ணியவான் மெக்கானிக்னு சொன்னான்?"

"தப்புதாம்மா. நேத்து நானாவது கூப்பிட்டிருக்கணும்..."

"நீங்க ஒண்ணும் கிழிக்க வேண்டாம். வேற ஆளை வச்சுப் பார்த்துக்கறேன்."

பட்டென்று வைத்துவிட்டாள்.

டீசல் ஊற்றியும் வண்டி கிளம்பவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒருவர் வந்து, பைப்பில் அடைத்த காற்றை எடுத்துவிட்டு ஓடவைத்தார்.

"அப்படியே இந்த முள்ளையும் பாருங்க. பார்ட்ஸ் கிடைக்காதாமே?"

அவர் வண்டிக்கு அடியில் போனார். இரண்டே நிமிஷம். முள் மெல்ல எழுந்து கால் டேங்க்கில் நின்றது.

"என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலம்மா. டேங்க்லேர்ந்து வர்ற ஒயர் கழண்டிருந்துச்சு, மாட்டினேன்."

"தானா கழண்டுடுச்சா?"

"தானா கழண்டது, முனையில டேப் சுத்திக்குமா? சேறு படாம மேல தூக்கிக் கட்டிக்குமா? வேலை தெரிஞ்ச கை. வேணும்னே கழட்டியிருக்கு. எதுக்குன்னுதான் புரியல."

அவளுக்குப் புரிந்தது.

அம்மா போனபிறகு அப்பா அந்த வீட்டில் தனி. இந்த முள் படுப்பதற்கு முன்னால் அவருக்குக் கடைசியாக எப்போது போன் செய்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கே வரவில்லை.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். குரல் உள்ளே போயிருந்தது.

"வேற ஆள் வந்து... சரி பண்ணிட்டாராம்மா?"

நிமிர்ந்து நின்ற முள்ளைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எங்கேப்பா! அவராலயும் முடியல. நீங்களே கணக்குப் பாருங்க, இன்னைக்கு நாப்பத்திரண்டு கிலோமீட்டர். அப்புறம்... அங்கே மழையா?"