பின்சீட்டில் ஆள்

பழைய கார் விற்கும் கூடத்தில் ஒரே சொகுசு செடானின் மூன்று தலைமுறைகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடிச் சுவர் வழியாக மதிய வெயில் மூன்றின் முகப்பிலும் ஒரே மாதிரி வழிகிறது. ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர், ஓடிக்கொண்டிருக்கும் முதல் காரின் இன்ஜின் மேல் காதை வைக்காத குறையாகக் குனிந்திருக்கிறார். ஆறு சிலிண்டரின் மெல்லிய உறுமலில் அவர் கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. "புதுசுல நாலு சிலிண்டர்தான் சார், ஆனா டர்போ. வேகம் ஜாஸ்தி, சத்தமே கேக்காது" என்கிறார் விற்பனையாளர். இன்ஜினியர் உதட்டைப் பிதுக்குகிறார். விற்பனையாளர் விடவில்லை. "இந்தப் பழசுல பின்சீட் ரொம்ப இறுக்கம். மூணாவது மாடல்ல தாராளமா காலை நீட்டலாம். வீட்ல எத்தன பேரு சார்?" இன்ஜினியர் நிமிர்ந்து கைக்குட்டையால் விரல்களைத் துடைக்கிறார், கறை எதுவும் இல்லாவிட்டாலும். "பசங்க வளர்றப்போ நான் கடல்ல இருந்தேன். இப்போ நான் கரையில, அவங்க ஆளுக்கொரு திசையில. சம்சாரம் போய் மூணு வருஷம் ஆச்சு. பின்னாடி உக்கார யாருப்பா இருக்கா?" சிரிக்கப் பார்க்கிறார், சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. விற்பனையாளர் விலைப்பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் செருகுகிறார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்" என்று அந்த முதல் காரின் கதவைத் திறந்துவிடுகிறார். வழக்கமாக முன்சீட்டில் உட்கார்ந்து மாடல்களின் பெருமை பேசிக்கொண்டே வருபவர், இன்று தலையைக் குனிந்து, முட்டியை மடக்கிப் பின்னால் ஏறிக்கொள்கிறார். ஸ்டீயரிங் முன் அமர்ந்த இன்ஜினியர், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்புகிறார். அதில் ஒரு முகம் வந்து நிற்கிறது. "பெல்ட்டப் போட்டுக்கப்பா" என்கிறார். கிளிக் என்ற சத்தம் வரும்வரை காத்திருந்து, மெதுவாக வண்டியை எடுக்கிறார்.