குதிரையில் ஆரம்பித்த ஆட்டம்

சதீஷ்குமார் முதல் காயாகக் குதிரையை நகர்த்தியதும், சமையலறை வாசலில் நின்ற கவிதா அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பெண் தன் பக்கம்தான் என்று அவன் மனசு துள்ளியது.

எதிரே கார்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருவன் அத்தை மகன், ஒருவன் மாமன் மகன். இருவருக்குமே கவிதா முறைப்பெண். போன வாரம் பேளுக்குறிச்சிச் சந்தையில், ஊரே பார்க்கச் சட்டையைப் பிடித்து உருண்டு, குடும்ப மானத்தை வாங்கிவிட்டார்கள்.

"வெட்டுக்குத்து வேண்டாம். ரெண்டு பேரும் செஸ்ஸுல புலின்னு பீத்திக்கறீங்கல்ல, ஆடுங்க" என்று சொல்லிவிட்டார் கவிதாவின் அப்பா சின்னராசு. "ஜெயிச்சவனுக்குப் பொண்ணு. டிரா ஆச்சுன்னா ரெண்டு பேருமே பொண்ணு கேட்டு இந்த ஊட்டுப் படி ஏறக் கூடாது."

இருவரும் எட்டுக்கை அம்மன் மேல் சத்தியம் செய்தார்கள். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

"என்னடா, கை நடுங்குதா?" சதீஷ் சீண்டினான்.

"உன் மூஞ்சிக்கு இந்தப் பொண்ணு கேக்குதா?" கார்த்தி படக்கென்று பதில் காய் வைத்தான்.

சதீஷ் எதை நகர்த்தினாலும் கார்த்தி யோசிக்கவே இல்லை. அதுதான் சதீஷை உறுத்தியது. ஆனாலும் காலேஜ் டீமில் ஆடுகிற கவிதா, ரகசியமாகப் போனில் சொல்லிக் கொடுத்த ஓப்பனிங் அல்லவா? அவள் சொன்னபடியே யானையை வெட்டுக் கொடுத்து, ராணியை இறக்கி செக் வைத்தான்.

கார்த்தியின் ராஜா மூலைக்கு ஒதுங்கியது. மறுபடி செக். ராஜா பழைய இடத்துக்கே வந்தது. செக்கை விட்டால் சதீஷ் தோற்பான். ராஜா வேறெங்கே போனாலும் கார்த்தி தோற்பான். இருவரும் முறைத்துக்கொண்டே அதையே திரும்பத் திரும்ப ஆடினார்கள்.

நடுவராக உட்கார்ந்திருந்த மிளகு வியாபாரி ஜாபர் உசேன் கையை உயர்த்தினார். "ஒரே நிலை மூணு தடவை வந்துருச்சுங்க. டிரா."

"சத்தியம் சத்தியந்தான். கெளம்புங்க ரெண்டு பேரும்" என்று எழுந்துவிட்டார் சின்னராசு.

சதீஷுக்கு ரத்தம் கொதித்தது. ரோட்டுக்கு வந்ததும் கார்த்தியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "நான் வைக்கற ஒவ்வொரு காயும் உனக்கு எப்படிடா முன்னாடியே தெரியும்? கவிதாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச ஆட்டம்டா அது!"

அடிக்க ஓங்கிய கார்த்தியின் கை அப்படியே நின்றது.

"டேய்... உனக்கும் அவதான் சொல்லிக் குடுத்தாளா?"