நாலு டிகிரி

வீட்டிலிருந்த பெட்டி ஃப்ரீசரின் வயரைத் தெர்மோஸ்டாட் டப்பாவில் செருகினாள் அவள். இனிமேல் உள்ளே நாலு டிகிரியைத் தொட்டதும் மின்சாரம் தானாக நின்றுவிடும். ஃப்ரீசர், ஃப்ரிட்ஜ் ஆகிவிட்டது.

"நல்லா ஓடுறதை ஏன் நோண்டுறே? வேலையத்த வேலை!" என்றான் கணவன்.

"ஃப்ரிட்ஜா ஓடினா கரண்ட் பாதிகூட ஆகாது."

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அட, அப்ப சரி!"

"ஆனா, இனி இதுல எதுவும் உறையாது. சமைச்சு வெச்சா மூணு நாள் தாங்கினாலே அதிகம்."

"தாங்காட்டிப் போகட்டும். தினம்தான் சுடச்சுடச் சமைக்கிறியே!"

அவள் கருவிப் பையை மூடினாள்.

மறுநாள் காலை, துறைமுகத்துக்குப் போகும் வண்டி வாசலில் வந்து நின்றது. கப்பலில் குளிர்சாதன மெக்கானிக் அவள். போனால் திரும்பி வர மூன்று மாதம் ஆகும்.

வழக்கம்போல ஃப்ரீசர் மூடியைத் தூக்கிப் பார்த்த கணவன் அலறினான். "என்ன இது, பச்சைக் காயா கிடக்குது? மூணு மாசத்துக்கும் சமைச்சு உறைய வெச்சிட்டுத்தானே போவே! நான் எதைச் சாப்பிடுறது?"

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"இந்த வாரத்துக்குக் காய் இருக்கு. அடுத்த வாரத்துக்குக் கடை இருக்கு. கத்தி அடுப்பு மேடையில இருக்கு. கை உங்ககிட்டயே இருக்கு."