கப்பலா, காரா?

"தீவுகளைச் சுத்திவர கப்பல்ல போலாமா, இல்ல கரையோரமா கார்லயா? நீயே சொல்லு," என்றான் அவன்.

பத்து வருடம் அவள் கெஞ்சியும் அசையாதவனுக்கு இப்போது கடல் ஆசை!

"கார்தான் சௌகரியம். பிடிச்ச இடத்துல நிறுத்தலாம். கப்பல் ஆடினா உங்களுக்குத் தலை சுத்தும்."

"சுத்தட்டும். ஊருக்கு ஊரு பெட்டியைத் தூக்கிட்டு அலைய வேண்டாம் பாரு. கப்பலே இருக்கட்டும்."

"யாரு இந்த ஆசையை மூட்டிவிட்டது?"

அவன் சிரித்து மழுப்பினான்.

அவள் கணினியில் அவன் பெயரைக் கேட்காமலே தட்டினாள். "கூட வர்றவங்க பேரு?"

சொன்னான். "போன வாரம்தான் பதிவுக் கல்யாணம். உன் ஏஜென்சின்னா நம்பி டிக்கெட் போடலாம்னு வந்தேன்."

'உறவு' என்ற கட்டத்தில் 'மனைவி' என்று தட்டினாள். போன வருடம் விவாகரத்து ஆகும்வரை அது அவளுடைய இடம்.