படியாத பேரம்

இறந்தவரின் கையை, அதன் பிடியோடு, ஏழடுக்குப் பசைத்தோலில் வார்த்துக் கொடுக்கிறது ஒரு கம்பெனி. மாட்டுத் தரகர் பொங்கியண்ணன் இறந்துபோன தன் கூட்டாளி வேலப்பனின் கையை வாங்கினார். மாட்டுச் சந்தையில் போலவே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசலாம்; விலை படிந்தால் பசை தானாகப் பிடியை விட்டுவிடும். மாடு ஒன்றுதான் இல்லை, மற்றதெல்லாம் சந்தைதான்.

மூன்று நாளாகப் பிடி விடவில்லை என்று கம்பெனியிலிருந்து தில்ஷாத் வந்தாள்.

"பசை கெட்டுப்போச்சுங்களாய்யா? மருந்து தடவி உரிச்சு விடட்டுங்களா?"

"வேண்டாம் அம்மிணி. பசை நல்லாத்தான் இருக்குது. அவன் முப்பதுங்கறான், நான் இருபத்தொம்பதை விட்டு ஏறலை."

"இல்லாத மாட்டுக்கு ஏனுங்க இத்தனை பிடிவாதம்? சரின்னு விரலை அழுத்துங்க, விட்டுரும்."

பொங்கியண்ணன் துண்டை இழுத்து இரண்டு கைகளையும் நன்றாக மூடினார்.

"படிஞ்சா எந்திரிச்சுப் போயிருவான் அம்மிணி. ஒரு டீ குடிக்கக்கூட நிக்கமாட்டான்."