வளர்ற பிள்ளைக்கு வில்

இழுத்தாகிவிட்டது.

இறக்கத்தான் முடியவில்லை.

இடக்கையில் வில். வலது மணிக்கட்டில் வார் போட்டுக் கட்டிய கொக்கி, நாணைக் கவ்விப் பிடித்திருக்கிறது. கொக்கியின் விசை அவள் ஆட்காட்டி விரலுக்குப் பக்கத்தில். தொட்டாலே விடுபட்டுவிடும்.

வில்லில் அம்பு இல்லை.

"அப்பா."

அப்பா சுவரோரம் நின்று, இலை இலையாய் அச்சடித்த வேட்டைச் சட்டைகளில் பெரியதாய் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா, இழுத்திட்டாய்! பாரம் பாரமெண்டு என்ன அழுகை அழுதனி."

"அப்பா, இறக்க ஏலாமக் கிடக்கு."

கடைக்காரர் முதலில் கொடுத்தது இலகுவான வில். முதல் வேட்டைக்கு இது போதும், மானுக்கும் இது போதும் என்றார் அந்த வெள்ளைக்காரர். அப்பாதான் கேட்கவில்லை. சப்பாத்து, குளிர்ச்சட்டை, சைக்கிள், எதைத்தான் ஒரு அளவு கூட்டி வாங்காமல் விட்டோம்? கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தானே. பதினைந்து வயது, வளர்ற பிள்ளை. வாற வருசமும் ஒரு வில்லா வாங்குகிறது?

சரி, அம்பை அளவாக வெட்டிக்கொண்டு வருகிறேன், அதுவரை இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்காரர் உள்ளே போனார்.

"சும்மா ஒருக்கா இழுத்துப் பாரன்," என்று சொன்னது அப்பாதான்.

வில்லின் நுனிச் சக்கரங்கள் உருண்டு, முழுவதும் இழுத்தபின் பாரம் குறைந்ததுபோல் இருந்தது. அதுதான் ஏமாற்றியது. கொஞ்சம் முன்னே விட்டுப் பார்த்தாள். வில் அவளைத் தோளோடு பிடுங்கியது. பயந்துபோய்த் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

இன்னொரு முறை இழுக்கத் தெம்பில்லை.

"ஹலோ! மிஸ்டர்!" அப்பா கத்தினார்.

உள்ளே அம்பு வெட்டும் மின்வாள் கிரீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா ஓடி வந்தார்.

"தொடாதேங்கோ! கை பட்டால் விட்டிடும்."

அவருடைய இரண்டு கைகளும் காற்றிலேயே நின்றன.

"விட்டால் விடட்டும் பிள்ளை. வில்லுத்தானே? உடைஞ்சால் காசைக் கட்டுவம்."

"அந்தாள் சொன்னவர் எல்லோ. அம்பில்லாம விட்டால் வில்லு சிதறுமாம். முகத்துக்குத்தான் வருமாம். நான் உங்களுக்குச் சொன்னனான்தானே?"

சொன்னாள்தான். அப்போது அவர் விலைச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் முழங்கை ஆடத் தொடங்கியது. பிறகு தோள். பிறகு வில்.

"கொஞ்சம் பிடிச்சிரு ராசாத்தி. இந்தா வந்திடுவார்."

"ஏலாதப்பா. விரல் விறைக்குது. நீங்கள் தள்ளிப் போங்கோ."

"நான் எங்க போறது?"

"அப்பா, ப்ளீஸ். உங்களுக்கும் அடிக்கும்."

அவர் போனார். அவளுக்குப் பின்னால் போனார். அவள் தலை அவர் நாடி வரைதான் வந்தது.

பின்னாலிருந்து, நாணில் படாமல், இரண்டு கைகளையும் கொண்டுவந்து அவள் கண்களைப் பொத்தினார். ஒரு கையின்மேல் மற்றக் கை.

உள்ளங்கைக்குள் அவள் இமைகள் படபடத்தன.

அவர் முகத்தை மூட அங்கே கை மிச்சமில்லை.

"இப்ப விடு பிள்ளை," என்றார்.