டீன் அம்மாவின் எதிர்ப்பு

“குழந்தைகள் காப்பகமா? இது பல்கலைக்கழகமா, தொட்டில் கடையா?”

டீன் அம்மா மேசையைத் தட்டிய தட்டில் துணைவேந்தரின் காபி தளும்பியது. ஆட்சிக்குழுவில் இருக்கும் ஒரே பெண் அவர்தான். இளம் ஆசிரியைகள் கொடுத்த மனுவை அவரே எதிர்ப்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

துணைவேந்தருக்கு உள்ளூரக் குஷி. டீன் அம்மா வாயைத் திறந்தால் மறுப்பதுதான் அந்த மேசையின் வழக்கம். முன்பொரு முறை மூன்றாம் மாடியில் பெண்களுக்குக் கழிவறை கேட்டார். இறங்கி ஏறினால் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சேர்ந்து முடித்துவிட்டார்கள்.

போன மாதம்தான் அவர், பெண் நிர்வாகிகள் ஒருவருக்கொருவர் வழிகாட்டும் முகாமுக்குப் போய்வந்திருந்தார். அங்கே அவருக்கு ஜோடி, வேறொரு பல்கலைக்கழகத்தின் மூத்த பெண் டீன். “ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசிட்டு வந்திருப்பாங்க” என்று பதிவாளர் அப்போதே கிண்டலடித்தார்.

“என்னம்மா, முகாம்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?” என்றார் துணைவேந்தர்.

“வேணாம்னா வேணாம் சார். சரின்னு சொன்னா நூலகத்துக்குப் பக்கத்து அறையைக் கேப்பாங்க. தண்ணி, வெளிச்சம் எல்லாம் இருக்கு. அதைப் போய்க் கெடுக்கணுமா?”

“அதே அறையைத்தான் குடுக்கணும்!” என்றார் பதிவாளர் வீம்பாக.

“அப்புறம் ஒரு ஆயா போதாதும்பாங்க.”

“ரெண்டு பேரைப் போடுங்கய்யா!”

சொன்ன கையோடு துணைவேந்தர் கையெழுத்தும் போட்டுவிட்டார். பெண்களுக்காக ஒரு பெண்ணையே எதிர்த்து நின்ற பெருமை அவருக்குத் தாங்கவில்லை. அடுத்த மாதம் அவருடைய பதவி நீட்டிப்பும் இதே மேசைக்குத்தான் வருகிறது. அது மட்டும் கிடைக்காவிட்டால் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான்.

டீன் அம்மா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறினார். பாவம், ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று துணைவேந்தர் பின்னாலேயே போனார்.

படிக்கட்டு முனையில் டீன் அம்மா போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“அக்கா, முகாம்ல நீங்க சொல்லிக் குடுத்த வித்தை பலிச்சிடுச்சு! வேணாம்னேன், ரெண்டு ஆயாவோட குடுத்துட்டாங்க.”

துணைவேந்தர் அப்படியே நின்றுவிட்டார்.

“அடுத்த மாசம் துணைவேந்தரோட பதவி நீட்டிப்பு வருதுக்கா. ஆதரிச்சுப் பேசிடட்டுமா?”